ஜி.இ.பி. இரண்டாம் சுற்றுக்கு அழைப்பு: பள்ளி மாற்றலாமா? தமிழ் என்ன ஆகும்?

செங்காங் அம்மா | செப்டம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே வாசிக்க மட்டும்தான் வருவேன். எழுதுவது இதுவே முதல் தடவை.

மகள் தொடக்கநிலை 3. வீட்டிலிருந்து இறங்கி நடந்தால் ஏழு நிமிடத்தில் பள்ளி. ஆகஸ்ட்டில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஜி.இ.பி., அதாவது சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு மீத்திறன் பிள்ளைகளுக்காக நடத்தும் தனித் திட்டம், அதற்கான முதல் சுற்றுத் தேர்வு எழுதினாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. போன வெள்ளிக்கிழமை பையைச் சுத்தம் செய்யும்போது பென்சில் பெட்டிக்கு அடியில் நாலாக மடித்த கடிதம் கிடைத்தது. இரண்டாம் சுற்றுக்கு அழைப்பு. "ஏம்மா காட்டல?" என்று கேட்டேன். "காட்டினா வேற ஸ்கூலுக்குப் போகச் சொல்வீங்க" என்றாள். அந்த வகுப்பில் இவளுக்கும் இன்னொரு பையனுக்கும்தான் கடிதம் வந்திருக்கிறது. அவன்தான் சொன்னானாம், கிடைத்தால் பள்ளி மாற வேண்டும் என்று.

அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. சந்தோஷமா கவலையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இவளுடைய தமிழ் வகுப்பில் பதினோரு பேர். ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டில் நேற்று என்ன சாப்பிட்டாய் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்காக இவள் மேடையேறிக் கதை சொன்னாள். வீட்டில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் இந்த இரண்டு வருஷத்தில்தான் என்னிடம் தமிழில் சண்டை போடவே ஆரம்பித்திருக்கிறாள். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

அக்டோபரில் தேர்வு. இப்போதிருந்து ஏதாவது பயிற்சி தர வேண்டுமா? கிடைத்தால் எந்தப் பள்ளி, அங்கே தமிழ் இருக்கிறதா? இதுதான் இந்தத் திட்டத்தின் கடைசி அணி என்கிறார்களே, அந்தக் காரணத்துக்காகவே விடக் கூடாது என்கிறார் கணவர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பொங்கோல் அப்பா | செப்டம்பர் 2025

வாழ்த்துகள் சகோதரி. பிள்ளை கடிதத்தை ஒளித்து வைத்தாள் என்று படித்ததும் என் மகன்தான் நினைவுக்கு வந்தான். அவன் இப்போது ஜி.இ.பி.யில் தொடக்கநிலை 5.

முதலில் பள்ளிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஜி.இ.பி. நடப்பது ஒன்பது தொடக்கப்பள்ளிகளில்: ஆங்கிலோ சீன தொடக்கப்பள்ளி, கத்தோலிக் ஹை, ஹென்றி பார்க், நான் ஹுவா, நன்யாங், ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி, ரோசித், செயின்ட் ஹில்டாஸ், தாவ் நான். ஒன்பது என்றால் நிறைய மாதிரி இருக்கும். ஆனால் இதில் கத்தோலிக் ஹை, நான் ஹுவா, நன்யாங், தாவ் நான் நான்கும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள், நாம் சாப் ஸ்கூல் என்போமே, அவை. அங்கே தாய்மொழிப் பாடம் என்றால் சீனம் மட்டும்தான். மிச்சம் ஐந்து. அதில் ஆங்கிலோ சீன பள்ளி ஆண்பிள்ளைகளுக்கு. ஆக, தமிழ் படிக்கிற பெண்பிள்ளைக்கு நான்குதான் மிஞ்சும். ஆண்பிள்ளைக்கும் நான்குதான், ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளி கழிந்துபோகும். இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. விருப்பப் படிவம் கையில் வந்த பிறகு, இரவு பதினொரு மணிக்கு நானும் மனைவியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துக் கழித்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

அடுத்தது தூரம். ரோசித் சிராங்கூன் நார்த்தில், செயின்ட் ஹில்டாஸ் தெம்பனிஸில், ஹென்றி பார்க் ஹாலந்து குரோவ் பக்கம். வடகிழக்கில் இருக்கிற நமக்கு முதல் இரண்டும் பரவாயில்லை. காலையில் அரை மணி நேரம் கூடினால் பிள்ளை வாழ்க்கையில் எவ்வளவு மாறுகிறது என்பதை அனுபவித்தால்தான் தெரியும். என் மகன் முதல் மாதம் ஒரு காலில் சப்பாத்தோடு சோபாவில் தூங்கிக்கிடப்பான். அம்மா வந்து அடுத்த காலுக்குப் போட்டுவிடுவாள்.

பயிற்சி பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூரோங் வாசி | செப்டம்பர் 2025

நேரத்தை வீணாக்காதீர்கள் அக்கா. ஒரு மாதம்தான் இருக்கிறது. பொது ஆற்றல் தாளுக்கென்றே துணைப்பாட நிலையங்கள் தனி வகுப்பு நடத்துகிறார்கள், உடனே சேர்த்துவிடுங்கள். ஜி.இ.பி. கிடைத்தால் நல்ல உயர்நிலைப்பள்ளி இடம் நிச்சயம்.

சிராங்கூன்காரர் | செப்டம்பர் 2025

ஜூரோங் தம்பி, நான் அந்த வழியில் போய்ப் பார்த்தவன். அதனால் சொல்கிறேன்.

பெரியவனுக்கு 2019இல் அழைப்பு வந்தது. நிலையத்தில் சேர்த்தேன். நாலு வாரத்தில் 1,900 வெள்ளி. வாரம் மூன்று நாள், ஞாயிறும் சேர்த்து. மூன்றாவது வாரம் அவன் கேள்வியைப் படிப்பதற்கு முன்பே "இது என்ன டைப்?" என்று கேட்க ஆரம்பித்தான். அதுவரைக்கும் ஒரு கணக்கைக் கொடுத்தால் தாளைத் திருப்பிப் பின்பக்கம் படம் வரைந்து பார்ப்பான். அந்தப் பழக்கம் போய்விட்டது. தேர்வு முடிந்து வெளியே வந்தவன், "நான் படிச்ச டைப் எதுவும் வரலப்பா" என்று சொல்லி அழிரப்பரைப் பிய்த்துக்கொண்டே நின்றான். கையெல்லாம் ரப்பர் தூள். கிடைக்கவில்லை.

கிடைக்காதது பெரிதில்லை. ஒன்பது வயதில் தன்னால் முடியாது என்று அவனே முடிவு செய்துகொண்டான் பாருங்கள், அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இரண்டாவது பெண்ணுக்கு எந்த நிலையமும் இல்லை. நூலகத்துக்குக் கூட்டிப்போனேன், அவ்வளவுதான்.

பொங்கோல் அப்பா | செப்டம்பர் 2025

அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். தேர்வு எப்படி நடக்கிறது என்று கேட்டவர்களுக்கு: முதல் சுற்று ஆகஸ்ட்டில், ஆங்கிலமும் கணிதமும். அதில் மேலே வருகிற சில ஆயிரம் பேருக்குத்தான் அக்டோபரில் இரண்டாம் சுற்று. ஆங்கிலம், கணிதத்தோடு பொது ஆற்றல் என்று ஒரு தாளும் சேரும். கடைசியில் திட்டத்துக்குள் போவது ஒரு வயதுக்குழுவில் ஏறத்தாழ 1 விழுக்காடு. கல்வி அமைச்சு பழைய தாள் எதையும் வெளியிடுவதில்லை. அதனால் "அசல் ஜி.இ.பி. தாள்" என்று யார் விற்றாலும் அது அவர்களே செய்தது.

பொது ஆற்றல் என்றால் என்ன மாதிரி இருக்கும் என்று பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால், எண் வரிசை, பட வரிசை, சொல் உறவு என்று வீட்டிலேயே விளையாடலாம். என் மகனிடம் ஒருநாள் எம்.ஆர்.டி.யில் போகும்போது 2, 6, 12, 20, 30, அடுத்து என்ன என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த வழி, வித்தியாசம் 4, 6, 8, 10, அப்புறம் 12, ஆக 42. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஆறு வரிசை, வரிசைக்கு ஏழு நாற்காலி" என்றான். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து புள்ளி வைத்துக் காட்டினான்: ஒரு வரிசையில் இரண்டு, இரண்டு வரிசையில் மூன்று மூன்று, மூன்று வரிசையில் நாலு நாலு. நான் கூட்டிக்கொண்டே போனேன், அவன் ஒரு மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டே போயிருக்கிறான். இப்படிப் பார்ப்பதை ஒரு மாதத்தில் யாரும் சொல்லித்தர முடியாது. மெனக்கெட்டால் கெடுக்க வேண்டுமானால் முடியும்.

தூக்கமும், தாள் எப்படி இருக்கும் என்ற அறிமுகமும் போதும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை | செப்டம்பர் 2025

வணக்கம். ஜூரோங் வாசி எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. இதை நம்பி முடிவெடுத்த பெற்றோரை நான் பார்த்திருப்பதால் திருத்திவிடுகிறேன். ஜி.இ.பி. மாணவரும் மற்றவர்களைப் போலவே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டும். அதே தாள், அதே அடைவுநிலைக் கணக்கு. உயர்நிலைப்பள்ளி இடம் எதுவும் தானாக வந்துவிடாது. இறுதித் தேர்வு முடிவுக்கு முன்பே திறமையைக் காட்டி இடம் கேட்கிற நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளை செய்த ஆய்வும் பணியும் பேச உதவும், உண்மை. உறுதி என்று எதுவும் கிடையாது.

இனித் தமிழுக்கு வருகிறேன். ஜி.இ.பி.யில் செறிவூட்டப்படும் பாடங்கள் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. மற்ற மாணவர் படிக்கும் அதே தமிழைத்தான் அவர்களும் படிப்பார்கள். நான்கு பாடத்தில் ஒரு பிள்ளையின் அறிவை நீட்டி, நீட்டி, இன்னும் நீட்டு என்கிறோம். தமிழ் வகுப்புக்கு வந்ததும் வழக்கமான கருத்தறிதல் தாளைக் கையில் நீட்டுகிறோம். புத்திசாலிப் பிள்ளை உடனே கணக்குப் போட்டுவிடும், இது முக்கியமில்லாத பாடம் என்று. பள்ளி மாறுவதைவிட எனக்குப் பெரிய கவலை இதுதான்.

செங்காங் அம்மா, நீங்கள் விருப்பப் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசும்போது தமிழ் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். உண்டு என்று சொல்லி வைத்துவிடுவார்கள். தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குள்ளேயா, அதே வளாகத்திலா என்று கேளுங்கள். தமிழ் மாணவர் மிகக் குறைவாக உள்ள சில பள்ளிகளில் பிள்ளை வேறு பள்ளிக்கோ நிலையத்துக்கோ போய்ப் படித்து வர வேண்டியிருக்கும். அப்படியானால் ஒரு பிற்பகல் போகும். உங்கள் மகளின் வயதில் எத்தனை பேர் தமிழ் எடுக்கிறார்கள், உயர்தமிழ் நடக்கிறதா என்றும் கேளுங்கள். பதில் சொல்பவர் ஆசிரியரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றால் நல்லது. அந்தத் தமிழாசிரியரிடமே பேச வாய்ப்புக் கேளுங்கள். நாங்கள் பேசுவோம். பேசக் காத்திருப்போம்.

ஈசூன் அப்பா | செப்டம்பர் 2025

என் கருத்து கொஞ்சம் கசக்கும். இந்தத் திட்டம் முடிவதில் எனக்கு வருத்தம் இல்லை. 1984இல் தொடங்கியபோது நாட்டின் நிலைமை வேறு, நல்ல ஆசிரியரும் வசதியும் குறைவு, அதனால் நாலு இடத்தில் குவித்தார்கள். இப்போதும் ஒவ்வொரு அக்கம்பக்கப் பள்ளியிலிருந்தும் ஒன்றிரண்டு பிள்ளைகளைப் பெயர்த்து ஒன்பது பள்ளியில் நடுவது எதற்கு? அந்தப் பிள்ளை போன பிறகு அந்த வகுப்பில் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? என் மகள் வகுப்பில் போன வருடம் அப்படி ஒருவன் போனான். இவளுக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் முதலில் அவனிடம்தான் ஓடுவாள். இன்றைக்கும் அவன் பெயரைச் சொல்கிறாள்.

பழைய மாணவி | செப்டம்பர் 2025

ஈசூன் அண்ணா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்தவள் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நான் 2000இல் தொடக்கநிலை 4இல் சேர்ந்தேன். பழைய பள்ளியில் ஆசிரியர் கேட்டு முடிக்கும் முன் பதில் சொல்லிவிடுவேன். "மற்றவர்களுக்கும் இடம் கொடு" என்பார். அவர் சொன்னது சரிதான். ஆனால் எட்டு வயதில் நான் புரிந்துகொண்டது, வாயை மூடு என்பதை. மூடிக்கொண்டேன். ஜி.இ.பி. வகுப்பில் இருபத்தைந்து பேர். முதல் வாரமே நான் சொன்ன பதில் தவறென்று ஒருத்தி எழுந்து நிரூபித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னது நினைவிருக்கிறது.

தனி ஆய்வு என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த கேள்வியை எடுத்து மாதக்கணக்கில் தேட வேண்டும். நான் எடுத்தது பூ. பஃபலோ ரோட்டில் நாலு கடையில் ஒரு முழம் மல்லி வாங்கி, வீட்டு மேசையில் நீட்டி அளவுகோலால் அளந்தேன். நாலும் நாலு நீளம். கடைக்காரர் தன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து அறுக்கிறார், அதனால் குட்டையான அக்கா கடையில் முழம் குட்டை. ஆனால் அந்த அக்காதான் பூவை நெருக்கிக் கட்டுவார். ஒரு முழத்தில் எத்தனை பூ என்று எண்ணினால் அவர் கடையில்தான் அதிகம். இதை வரைபடமாகப் போட்டுக்கொண்டு போனேன். ஆசிரியை மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்படியானால் நியாயமான அளவு எது, நீளமா எண்ணிக்கையா?" என்று கேட்டார். ஒரு மாதம் நான் அந்தக் கேள்வியோடுதான் தூங்கினேன். இப்போது என் வேலை தரவுகளோடுதான். அந்த மேசையில்தான் ஆரம்பித்தது என்று நம்புகிறேன்.

கஷ்டமும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ். தாய்மொழி நேரம் வந்தால் எல்லாரும் ஒரு பக்கம் போக நான் தனியாக இன்னொரு பக்கம் நடப்பேன். முதலில் அழுகை வரும். ஆனால் அந்தத் தமிழ் வகுப்பில் ஜி.இ.பி. இல்லாத பிள்ளைகள் இருந்தார்கள். இன்றுவரை நட்பில் இருப்பது அவர்கள்தான். இடைவேளையில் அவர்களோடு உட்கார்ந்து கொண்டதால்தான் நான் என்னவோ தனி ரகம் என்ற எண்ணம் எனக்கு ஒட்டவில்லை. தமிழ் அந்த மூன்று வருஷமும் என்னைக் காப்பாற்றியது. டீச்சர் சொல்வதும் உண்மை: பாடமாக அது என்னை நீட்டவில்லை. அப்பா வாங்கி வைத்த புத்தகங்கள்தான் அதைச் செய்தன.

ஈசூன் அப்பா | செப்டம்பர் 2025

உங்கள் பூக்கணக்கைப் படித்துவிட்டு இரண்டு தடவை யோசித்தேன் தங்கச்சி. என் கேள்வி ஒன்றுதான். அந்த ஆசிரியை கேட்ட கேள்வியை உங்கள் பழைய பள்ளியில் யாராவது கேட்டிருந்தால்? கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையும் முழத்தை அளந்திருக்கும்.

பழைய மாணவி | செப்டம்பர் 2025

அளந்திருக்கும். அதை மறுக்க மாட்டேன். நாற்பது பேர் வகுப்பில் அந்த ஆசிரியைக்கு நேரம் இருந்திருக்குமா என்பதுதான் என் பயம். இனி எல்லாப் பள்ளியிலும் செய்யப்போகிறார்கள் என்றால் ஆசிரியர்களுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கட்டும்.

உட்லண்ட்ஸ் அம்மா | செப்டம்பர் 2025

எம்பையன் இப்ப தொடக்கநிலை 2. அவனுக்கு ஜி.இ.பி. கிடையாதுன்னு சொல்றாங்க. அப்ப என்னதான் இருக்கும்? யாராவது தெளிவா சொல்லுங்களேன், ஸ்கூல்ல கேட்டா பொறுங்கன்னு சொல்றாங்க.

பொங்கோல் அப்பா | செப்டம்பர் 2025

2024 ஆகஸ்ட் 18 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தது இது. அப்போது தொடக்கநிலை 1இல் இருந்த பிள்ளைகள், அதாவது உங்கள் பையன் வயதுக்காரர்கள்தான், புது முறைக்கு முதல் அணி. 2026இல் தொடக்கநிலை 3இல் அவர்களைக் கண்டறிவார்கள். இரண்டு சுற்றுக்குப் பதில் ஒரே கட்டம், ஆசிரியர் அன்றாடம் கவனித்ததும் பிள்ளை செய்த வேலையும் கணக்கில் சேரும். யாரும் பள்ளி மாற வேண்டாம். ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தானே திட்டம் நடத்தும். இன்னும் நீட்டிப் படிக்க வேண்டியவர்கள் பள்ளி முடிந்த பின் பக்கத்தில் உள்ள குறிப்பிட்ட பள்ளிக்குப் போய்ச் சில பாடப்பகுதிகளைப் படிக்கலாம். இப்போது ஜி.இ.பி., பள்ளிகளின் சொந்தத் திட்டங்கள் எல்லாம் சேர்த்து 7 விழுக்காட்டினர் பயன்பெறுவதாகவும் அதை 10 விழுக்காடாக உயர்த்தப்போவதாகவும் சொன்னார்கள்.

எனக்குப் பிடித்தது, தொடக்கநிலை 3இல் தவறினால் கதவு மூடிவிடும் என்ற நிலை தளர்வது. நமக்குத் தாமதமாகப் பூக்கிற பிள்ளைகள் இல்லையா என்ன.

உட்லண்ட்ஸ் அம்மா | செப்டம்பர் 2025

ரொம்ப நன்றிண்ணா. ஸ்கூல் மாற வேணாம்னு கேட்டதுமே பாதி பாரம் இறங்கிடுச்சு. சாயங்காலம் வேற ஸ்கூலுக்கு யார் கூட்டிட்டுப் போறதுன்னு இப்ப யோசிக்கிறேன். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, அவன் மாணவர் பராமரிப்பு நிலையத்துல இருக்கான்.

சிராங்கூன்காரர் | செப்டம்பர் 2025

உட்லண்ட்ஸ் தங்கச்சி கேட்டது சரியான கேள்வி. வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிற பிள்ளைக்கும் கார் இருக்கிற பிள்ளைக்கும் பிற்பகல் வகுப்பு சுலபம். மற்றவர்களுக்குப் பேருந்து ஏற்பாடு இருக்குமா என்று பள்ளிக் கூட்டத்தில் எல்லாரும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால்தான் குறித்துக்கொள்வார்கள்.

செங்காங் அம்மா | அக்டோபர் 2025

எல்லாருக்கும் நன்றி. நிலையத்தில் சேர்க்கவில்லை. மாமியாருக்குத்தான் மனத்தாங்கல், "பக்கத்து புளோக்குப் பையனுக்கெல்லாம் சேர்த்திருக்காங்களே" என்று. நூலகத்துக்குப் போனோம், புதிர் போட்டு விளையாடினோம், ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தேன்.

இரண்டு நாளும் எழுதி முடித்துவிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அவளே சொன்னாள்: "ஒரு கணக்கு முடியலம்மா. ஆனா அது எப்படிப் போகுதுன்னு இப்ப தெரிஞ்சிடுச்சு." ரொட்டிக் கடைத் தாளை வாங்கி அதில் கிறுக்கினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

டீச்சர், நீங்கள் சொன்ன கேள்விகளை இரண்டு பள்ளியில் கேட்டேன். ஒன்றில் தமிழ் உண்டு என்பதோடு முடிந்தது. இன்னொன்றில் தமிழாசிரியரே மறுநாள் கூப்பிட்டுப் பேசினார். பள்ளி நேரத்திலேயே வகுப்பு, ஜி.இ.பி. பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் சேர்ந்துதான். "உங்கள் மகள் என்ன வாசிக்கிறாள்?" என்று கேட்டார். தேர்வு முடிவே வரவில்லை, அதற்குள் அப்படிக் கேட்டார்.

கிளமெண்டி அம்மா | நவம்பர் 2025

எங்களுக்குக் கிடைக்கவில்லை. மகனிடம் இன்று மாலை சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டு லெகோவை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டான். கதவு மூடியிருக்கிறது. என்ன பேசுவதென்று தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

சிராங்கூன்காரர் | நவம்பர் 2025

தங்கச்சி, இன்றைக்கு எதுவும் விளக்காதீர்கள். "பரவாயில்லை" என்றும் சொல்லாதீர்கள். என் மகனிடம் நான் நூறு தடவை சொன்னேன். பரவாயில்லாத விஷயத்துக்கு அப்பா ஏன் இத்தனை தடவை பரவாயில்லை என்கிறார் என்று அவன் நினைத்திருக்கிறான், பெரியவனான பிறகு சொன்னான். கதவைத் தட்டி உள்ளே போய், கட்டுவதற்கு உதவி வேண்டுமா என்று கேளுங்கள். அவன் கட்டுவதைப் பாருங்கள். அந்தக் கை எதுவும் இழக்கவில்லை.

என் மகனுக்கு இப்போது பதினைந்து வயது. ரோபாட்டிக்ஸ் இணைப்பாட நடவடிக்கையில் இருக்கிறான். மறுபடி தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைகிறான்.

கிளமெண்டி அம்மா | நவம்பர் 2025

போனேன். பாலம் கட்டிக்கொண்டிருந்தான். பாதியில் நின்றது. மூன்று சின்னத் துண்டு தேடித்தரச் சொன்னான். இரவு பத்தரை வரை தரையில் உட்கார்ந்திருந்தோம். நன்றி அண்ணா.

செங்காங் அம்மா | நவம்பர் 2025

கிளமெண்டி அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகு எங்கள் செய்தியை எழுதக் கை வரவில்லை. அதனால் சில நாள் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன். மகளுக்குக் கிடைத்திருக்கிறது.

மூன்று இரவு பேசினோம். கணவர் முதலிலேயே சரி என்றவர், ஈசூன் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு தயங்கினார். இவளுடைய வகுப்பில் கணக்குக் கேட்க இவளிடம் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அது எனக்கும் தெரியும். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. மகளிடம் கடிதத்தைக் கொடுத்து, இந்தத் தடவை நீயே படித்துச் சொல் என்றேன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தமிழாசிரியர் பேசியதை மறுபடி சொல்லச் சொன்னாள். அப்புறம், "அங்க நான் தப்பா சொன்னா யாராவது தப்புன்னு சொல்வாங்களா?" என்று கேட்டாள். பழைய மாணவி எழுதியதை நான் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். சொல்வார்கள் என்றேன். "அப்ப போறேன். ஆனா சனிக்கிழமை இங்க இருக்கற பிரெண்ட்ஸோட விளையாட விடணும்" என்றாள். சரி என்றோம். சனிக்கிழமையில் வேறு எந்த வகுப்பும் வைப்பதில்லை என்று நாங்களும் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

அவளுடைய இப்போதைய ஆசிரியையிடம் சொல்லப் போனேன். அவர் கண் கலங்கிவிட்டது. பதினோரு பேரில் ஒருத்தி குறைகிறாள், ஜனவரியில் பத்து. அலமாரியைத் திறந்து, வகுப்பு நூலகத்துக்காகத் தன் பணத்தில் வாங்கியிருந்த சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், அப்போதுதான் அவள் இங்கே வருவாள் என்றார்.

பள்ளிப் பெயர் வேண்டாம், நான்கில் ஒன்று, வீட்டுக்குப் பக்கம்தான். இப்போது என் தலைவலி போக்குவரத்து. பள்ளிப் பேருந்து எங்கள் புளோக் பக்கம் வருவதில்லையாம். பொங்கோல் அண்ணா, உங்கள் மகன் எப்படிப் போகிறான்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை | நவம்பர் 2025

அந்த ஆசிரியைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது மகளையே நேரில் அனுப்புங்கள், உங்கள் கையில் கொடுத்தனுப்பாதீர்கள்.

பொங்கோல் அப்பா | நவம்பர் 2025

சகோதரி, நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு வேன் வைத்திருக்கிறோம். உங்கள் பள்ளி எது என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், எங்கள் வழிதானா என்று பார்க்கலாம். ஓட்டுநரிடம் இப்போதே பேசிவிட்டேன். காம்பஸ்வேல் பக்கம் வளைந்து போனால் ஐந்து நிமிடம்தான் கூடும் என்கிறார். ஒரு பிள்ளை இந்த வருடம் இறுதித் தேர்வு எழுதிவிட்டதால் ஜனவரியிலிருந்து ஓர் இடம் காலி. காலை 6.15க்கு புளோக் கீழே நிற்க வேண்டும். சப்பாத்தை வீட்டிலேயே போட்டுவிடுங்கள்.

செங்காங் அம்மா | நவம்பர் 2025

தனிச்செய்தி அனுப்பிவிட்டேன் அண்ணா. 6.10க்கே கீழே இருப்போம்.